பழைய புல்லட் பிளாக்கை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பைக்குகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் பிளாக், அதாவது பிஸ்டன் உள்ளே ஏறி இறங்குகிற சிலிண்டர், தேய்ந்துவிட்டால் புதிது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. திருவொற்றியூரில் போரிங் பட்டறை, அதாவது பிளாக்கின் உள்துளையைக் கடையும் பட்டறை, வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் நல்ல பிளாக்கைக் காயலான் கடையில் போடுவார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, புல்லட்டை இதே திருவொற்றியூரில்தான் செய்தது. அந்தக் கால 350 பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு, போர் (உள்துளையின் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90. தேய்ந்தால் ரீபோர் செய்து, அதாவது துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓவர்சைஸும் தீர்ந்த பிறகுதான் லைனர், பட்டறைப் பேச்சில் ஸ்லீவ். பிளாக்கை உள்ளே பெரிதாகக் கடைந்து, புது வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை அதில் இறக்கி, அந்தக் குழாயை மறுபடி 70-க்குக் கடைந்து ஹோனிங் (உட்புறத்தைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது) செய்துவிட்டால் பழையபடி ஸ்டாண்டர்டு பிஸ்டனே போட்டு ஓட்டலாம். என்ஜின் நம்பர் பிளாக்கில் இல்லாமல், அதற்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் என்ற பெட்டியில் இருப்பதால் ஆர்.சி. பற்றிய கவலையும் வேண்டாம்.

நம் பக்கத்தில் இந்த வேலைக்குத் தேவை அதிகம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசு, ஏர் ஃபில்டர் சரியில்லாத வண்டியில் நேராக உள்ளே போய், பிஸ்டனின் மேல் ரிங் திரும்புகிற இடத்தில் பிளாக்கைத் தின்றுவிடும், விரலால் தடவினாலே அங்கே ஒரு வரப்பு தட்டும். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் மாடிப்படிக்கடியில் வருஷக்கணக்கில் நிற்கிற வண்டிகளுக்கு உப்புக் காற்று. அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், எண்ணூர் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்ததே, அதில் மூழ்கிய வண்டிகளை உடனே பிரித்துத் துடைக்காதவர்களுக்குப் பிளாக்குக்குள் துரு குழி குழியாக விழுந்துவிட்டது. அந்தக் குழி ரீபோரில் போகாது, லைனர்தான் கதி.

சரி, வேலை எங்கே கெடுகிறது? அளவெடுக்காமல் செய்வதில். லைனரின் வெளி விட்டம், அது உட்காரும் துளையைவிட ஒரு மயிரளவு பெரிதாக இருக்க வேண்டும். புல்லட் போன்ற வார்ப்பிரும்பு பிளாக்குக்குச் சுமார் 0.05 மில்லிமீட்டர், இதைத்தான் பிடிப்பு என்போம். பிளாக்கை அடுப்பில் சீராக 200 டிகிரி வரை சூடேற்றி, லைனரை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்தால் அது தன் எடையிலேயே இறங்கிவிடும், சுத்தியலுக்கு அங்கே வேலையே இல்லை. கேஸ் டார்ச்சால் ஒரு பக்கம் மட்டும் காய்ச்சினால் பிளாக் கோணும். துளையைப் பெரிதாகக் கடைந்துவிட்டுப் பசை தடவி லைனரை ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சூடு லைனரிலிருந்து பிளாக்குக்கும் அங்கிருந்து ஃபின்னுக்கும் (காற்றில் ஆறுவதற்காக வெளியே இருக்கும் தகடுகள்) போக இரும்போடு இரும்பு ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் பசையோ இடைவெளியோ இருந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத் 350 மாதிரி அலுமினிய பிளாக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரே சூட்டுக்கு அலுமினியம், வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். லைனர் உட்காரும் 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையை எடுத்துக்கொண்டால், 100 டிகிரி சூடு ஏறும்போது பிளாக் லைனரைவிடச் சுமார் 0.07 மில்லிமீட்டர் கூடுதலாக விரிகிறது. புல்லட்டுக்கு வைத்த அதே 0.05 பிடிப்பை இதற்கும் வைத்தால் வண்டி சூடானதும் லைனர் தளர்ந்துவிடும். மேலே காலர் (பிளாக்கின் மேல் தங்கும் விளிம்பு) இல்லாத லைனராக இருந்தால் கீழே நழுவவும் செய்யும். என் நண்பரின் ஆர்எக்ஸ் ஒன்றில், வேறொரு பட்டறையில் போட்ட லைனர் இப்படித்தான் ஓட்டத்தில் அசைந்து, போர்ட் (பெட்ரோல் கலவையும் புகையும் போய்வரும் திறப்பு) மறைந்து, ரிங் உடைந்து வந்தது. இந்த மாதிரி டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் லைனரின் ஜன்னல்கள் பிளாக்கின் போர்ட்டோடு அச்சாகப் பொருந்த வேண்டும், அந்த ஜன்னல்களின் விளிம்பையும் மழுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ரிங் அதில் மாட்டும்.

எல்லா பிளாக்கையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. புல்லட் பிளாக்கின் அடிப்பகுதி கிராங்க் கேஸுக்குள் இறங்குகிற இடத்தில் சுவர் மெல்லியது, அங்கே விரிசல் இருந்தாலோ, தடித்த லைனருக்காக அதிகம் கடைந்தாலோ தாங்காது. அதைப் பார்த்துச் சொல்கிற பட்டறையிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையோடு கொண்டு போங்கள், அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்துதான் கடைசி போர் செய்ய வேண்டும், அதுவும் லைனர் உட்கார்ந்த பிறகு, ஏனென்றால் இறங்கும்போது லைனர் சற்றே ஒடுங்கும், வட்டமும் கொஞ்சம் கெடும். வேலை முடிந்ததும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து எடுத்த அளவைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் பிளாக்கை விடாதீர்கள்.

பட்டறைகளில் போர் கேஜ் பிடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போகின்றன, பெரியவர்கள் ஓய்வு பெறுகிறார்கள், புதுப் பையன்கள் பிளாக்கைக் கழற்றி மாற்றத்தான் கற்றுக்கொள்கிறார்கள். வடசென்னை ஐ.டி.ஐ.க்களில் மோட்டார் மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளுக்கு லைனர் போடுவதைச் செய்துகாட்ட ஏற்பாடு செய்தால் என் பட்டறையைத் திறந்து வைக்கிறேன், கூலி வேண்டாம். உங்கள் நிருபரும் வரட்டும், தேய்ந்த பிளாக் ஒன்றை அவர் முன்னாலேயே அளந்து, லைனர் இறக்கி, முடித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
போரிங் பட்டறைக்காரர்,
திருவொற்றியூர்