லேசர் கட்டிங் ஹெட்டுக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
உலோகத் தகடு வெட்டும் பட்டறை,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: 1500 வாட் ஃபைபர் லேசர் இயந்திரத்தின் கட்டிங் ஹெட்டை உத்தரவாதத்தின்படி மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனத்திடம் எட்டு மாதங்களுக்கு முன் நான் வாங்கிய லேசர் வெட்டும் இயந்திரம், அதன் கட்டிங் ஹெட் (கதிரைக் குவித்துத் தகட்டை வெட்டும் முனைப்பகுதி) பழுதாகி இன்றோடு 19 நாட்களாக நின்று கிடக்கிறது. ஓராண்டு உத்தரவாதம் முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. ஆனால், சோதனைக்கு அனுப்பிய ஹெட்டைப் பற்றி, "மலைப் பகுதியின் ஈரப்பதத்தால் லென்ஸ் பாதிக்கப்பட்டுள்ளது, உத்தரவாதம் பொருந்தாது" என்ற ஒற்றை வரி அறிக்கையும், ரூ. 68,000க்கான செலவு மதிப்பீடும்தான் எனக்கு வந்தன. இந்த முடிவை நான் ஏற்கவில்லை.

நடந்தது இதுதான். ஆறாம் மாதத்தில், ஹெட்டின் நுனியில் கதிர் வெளியேறும் துளைமுனையான நாசில் ஒரு தகட்டின் நிமிர்ந்த விளிம்பில் மோதி, கதிர் நாசிலின் மையத்தை விட்டு விலகியது. அதைச் சரிசெய்ய வந்த உங்கள் பொறியாளர், அடியிலுள்ள பாதுகாப்புக் கண்ணாடியோடு நிறுத்தாமல், ஒளியிழை வந்து சேரும் மேல் பகுதியையும் திறந்து, விரிந்து வரும் கதிரை இணைகதிராக்கும் கோலிமேட்டர் லென்ஸை வெளியே எடுத்தார். பட்டறையில் பத்தடி தள்ளி கிரைண்டிங் நடந்துகொண்டிருந்தது. "நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று நானே கேட்டேன், "ஐந்தே நிமிடம்தான்" என்றார். லென்ஸ் கூட்டைப் பழைய செய்தித்தாளின் மேல் வைத்தார். ஹெட்டின் திறந்திருந்த வாயை டேப்பால் மூடக்கூட இல்லை. அந்தப் பகுதியைத் தூசியற்ற அறையில் மட்டுமே திறக்க வேண்டும் என்று உங்கள் கையேடே சொல்கிறது.

அதன்பின் சில நாட்களிலேயே கோளாறு தொடங்கியது. 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை நைட்ரஜன் வைத்து வெட்டும்போது, முதல் பத்து நிமிடம் விளிம்பு வழவழப்பாக வரும். பிறகு அடிப்பக்கம் பிசிறு தட்டும். அரைமணி நேரம் இயந்திரத்தை ஆற விட்டால் மீண்டும் சரியாக வெட்டும். லென்ஸில் ஒட்டிய அழுக்கு கதிரை உறிஞ்சிச் சூடாகும்போது லென்ஸும் சூடேறிக் குவியம் இடம் மாறுவதன் அடையாளம் இது என்பதை, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

இனி ஈரப்பதத்துக்கு வருகிறேன். சுற்றியுள்ள காற்றின் பனி படியும் வெப்பநிலையைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் நீர் பூக்கும். அந்த வெப்பநிலை காற்றின் வெப்பநிலையை ஒருபோதும் தாண்டாது. அந்த வாரங்களில் என் பட்டறைக்குள் பகலில் 17 அல்லது 18 பாகை செல்சியஸ்தான் இருந்தது. நீரின் வெப்பநிலையைச் சீராக வைக்கும் கருவியான சில்லரிலிருந்து ஹெட்டுக்குச் செல்லும் நீரை 28 பாகையில் வைத்தவர் உங்கள் பொறியாளர். நான் அதைத் தொட்டதே இல்லை. காலையில் சில்லரை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஹெட் சூடான பிறகே கதிரை இயக்குகிறேன். வாசலில் மூடுபனி நின்றாலும், 28 பாகையில் இருக்கும் லென்ஸின்மேல் 18 பாகைக் காற்றிலிருந்து நீர் எப்படிப் படியும்? உண்மையில் இந்த ஆபத்து சமவெளியில்தான் அதிகம்: 32 பாகை வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் பூத்துவிடும். குன்னூர் என்றாலே குளிரும் பனியும்தான் என்று எண்ணி, கணக்குப் பார்க்காமல் எழுதிய அறிக்கையாகவே இது எனக்குப் படுகிறது.

நீங்கள் அனுப்பிய புகைப்படமும் என் பக்கமே பேசுகிறது. அதில் லென்ஸின் மையத்தருகே கடுகளவு கரும்புள்ளி ஒன்றும், அதைச் சுற்றிப் பூச்சு கருகிய வளையமும் தெரிகின்றன. மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஈரம் படிந்திருந்தால் பரப்பு முழுவதும் மங்கியிருக்க வேண்டாமா? உள்ளே விழுந்த ஒரு தூசியை லேசர் எரித்த தழும்பு அது. உங்கள் பொறியாளர் அன்று ஒட்டிய சீல் கிழியாமலே ஹெட்டை உங்களிடம் அனுப்பினேன் என்பதை உங்கள் வரவுச் சீட்டே பதிவு செய்திருக்கிறது.

இந்த இயந்திரத்தை நம்பித்தான் சுற்றுவட்டாரத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குச் சல்லடைச் சட்டங்களும் உலர்த்தித் தகடுகளும் செய்து கொடுக்கிறேன். பறித்த கொழுந்தை அன்றன்றைக்கே பதப்படுத்தியாக வேண்டும். ஒரு தகடு வராமல் உலர்த்தி நின்றால், மூட்டைகளோடு வந்த சிறு விவசாயிகளைத் தொழிற்சாலை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு ஒரு தொழிற்சாலை மேலாளர் அழைத்து, "அண்ணே, நாளைக்காவது கிடைக்குமா?" என்று கேட்டபோது, என்னிடம் பதில் இல்லை.

எனவே, கோலிமேட்டர் தொகுதியைக் கட்டணமின்றி மாற்றி, தூசியற்ற அறையில் பொருத்தி, கதிரின் மையத்தைச் சரிபார்த்த பதிவோடு ஹெட்டை எனக்குத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை மாற்று ஹெட் ஒன்றையும் தர வேண்டும். ஈரப்பதம்தான் காரணம் என்று இன்னும் கருதினால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். என் கையாலேயே உழைத்துப் பிழைக்கும் சுயதொழிலுக்காக வாங்கிய இயந்திரம் இது என்பதால், அச்சட்டம் எனக்கும் பொருந்தும். கொள்முதல் ரசீது, உத்தரவாத அட்டை, பொறியாளர் கையொப்பமிட்ட சேவைப் பதிவு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டறை உரிமையாளர்,
குன்னூர்.