போன வருடம் இதே நாளில் எத்தனை அடி?

நாட்டின் குளங்களையும் நீர்த்தேக்கங்களையும் அளந்து பதியும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் மாமா கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறார். பங்குனி பிறந்தால் தொலைபேசியில் அவருக்கு ஒரே கதைதான்: குளத்தில் எத்தனை அடி நிற்கிறது? மழை குறைந்த காலத்தில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது அதில்தான் தங்கியிருக்கிறது. அப்புறம் கேட்பார்: "தம்பி, 2016இல மழை பொய்ச்சதுக்குப் பிறகு இதே நேரம் எவ்வளவு நின்டது? கொழும்பிலதானே இருக்கிறாய், பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். இன்றைய அளவு கிடைக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழைய வருடங்கள் இல்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டபோது பதிவேடுகள் உள்ளே இருக்கின்றன என்றார்கள், அவ்வளவுதான்.

உங்கள் ஆட்கள் வெயிலிலும் மழையிலும் போய் அளவுகோல் பார்த்து எழுதிய கணக்கு அது. அலுமாரிக்குள் கிடப்பது மனதுக்கு வலிக்கிறது. அந்தப் பழைய கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

அடிக்கணக்கை மட்டும் தந்தாலும் போதாது. குளம் மேலே போகப் போக அகலும். குளத்தின் ஆழத்தில் நீர் ஒரு அடி ஏறுவதும் குளம் நிரம்பி வான் பாயும் மட்டத்தை அண்டி ஒரு அடி ஏறுவதும் ஒரே அளவு தண்ணீர் அல்ல. இரணைமடுவின் அணைக்கட்டை உயர்த்திய பிறகு முழு மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியானது. ஆகவே அன்றைய "பாதிக்குளம்" வேறு, இன்றையது வேறு. வண்டல் படிந்து குறைந்த கொள்ளளவும் இருக்கிறது. நீர்மட்டம் அடியில், தண்ணீரின் கன அளவு ஏக்கர் அடியில், அந்த வருடத்துக் கொள்ளளவு மூன்றையும் சேர்த்துத் தாருங்கள். தமிழிலும் தாருங்கள்.

இது வடக்குக் கமக்காரரின் கவலை மட்டும் இல்லை. கொழும்பில் நாங்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுப்பது. அந்த ஆற்றின் தலைப்பில்தான் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. வறட்சியில் ஆறு மெலிந்தால் கடல்நீர் உள்ளே ஏறி வரும். மழைக்காலத்தில் கதை மறுபக்கம்: 2018 மார்கழியில் கிளிநொச்சி வெள்ளத்தில் கிடந்தபோது, இரணைமடுவின் வான்கதவுகளை எப்போது திறந்தார்கள் என்பதே பெரிய வாக்குவாதமானது. அந்த நாட்களின் நீர்மட்டம் மணிக்கு மணி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருந்தால் சனம் ஊகத்தில் சண்டை பிடித்திருக்காது.

மாமா வருடா வருடம் கொப்பியில் அடிக்கணக்கு எழுதி வைத்திருக்கிறார். உங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவுமென்றால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருவன்