ராத்திரி தனியா எழும்பிப் போவாத மக்களே

மக்களே, எம் மவனே, சுகமா இருக்கியா. கேரளா முனம்பம் துறைமுகத்துல உன் மீன்பிடி போட்டு அடைஞ்சாச்சுன்னு மாமி மவன் ஸ்டேட்டஸ் பாத்துதான் எனக்கே தெரியும். நீ போன் பண்ணல, சரி, வேல இருந்திருக்கும்.

இங்க எல்லாரும் சுகம். தங்கச்சி பாஸ் ஆயிட்டா. நீ அனுப்புன பைசால மேல்கூர மாத்தியாச்சு, பாக்கவங்க எல்லாம் உன்னப் பத்திதான் பேசுதாங்க.

வேற ஒண்ணு சொல்லணும். ராத்திரி ஒண்ணுக்கு இருக்க போட்டுக்குப் பின்பக்கம் தனியா போவாத, ஒருத்தன எழுப்பிச் சொல்லிட்டுப் போ, ஒரு கை எப்பவும் கயித்துல இருக்கணும். விழுந்தா இஞ்சின் சத்தத்துல நீ கத்துறது யாருக்கும் கேக்காது, போட்டு போயிட்டே இருக்கும், விடியக்கால சாயா ஊத்தும்போதுதான் ஒரு கிளாஸ் மிஞ்சுதேன்னு பாப்பாங்க. யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்லல, சும்மாதான் சொல்லுதேன். அந்த ஸ்டேட்டஸ் போட்டோல உன் இடது கையில கட்டு இருந்துச்சு, அதையும் நான் கேக்கல.

லைஃப் ஜாக்கெட்ட தலைக்கு வச்சிப் படுக்கியாமே. சூடா இருக்கு, தூண்டில் மாட்டுதுன்னு சொல்லுவ. நீச்சல் தெரியும்னு மட்டும் சொல்லாத, 2017 ஒக்கி புயல்ல போனவங்களுக்கு நீச்சல் தெரியாமலா இருந்துச்சு? ராத்திரி முழுக்க தண்ணில கிடந்தா ஒடம்பு வெறைச்சு கை மரத்துப்போவும், பொறவு எங்க நீந்த? உனக்குப் புத்தி இல்லாம இல்ல, சின்னதுலயே வல கிழிஞ்சா நீதான் உக்காந்து பொத்துவ, ஆனா சொல்லு கேக்கமாட்ட.

மீன் அழுகுன அறைக்குள்ள மூடி தொறந்த ஒடனே எறங்காத, கெட்ட காத்து வெளிய போவட்டும். உள்ள ஒருத்தன் மயங்கி விழுந்தாலும் நீ பின்னாலயே குதிச்சிராத. கப்பல் போற வழியில கிடந்தா ஒருத்தனாவது முழிச்சிருக்கணும், லைட் எரியணும், வயர்லெஸ் அவசரத்துக்குள்ள 16ஆம் சேனல்ல இருக்கணும், 2018ல முனம்பத்து மீன்பிடி போட்ட ஒரு கப்பல் இடிச்சது நீ அறியாததா. ராத்திரி விஷயம் மறந்துராத, கேட்டியா, எழுப்பிட்டுத்தான் போவணும், தூங்குறவன் ஏசுனா ஏசட்டும்.

ஒக்கி அன்னைக்கு யாரு யாரு கடல்ல நிக்கான்னு கரையில ஒருத்தருக்கும் சரியாத் தெரியல, ஃபாதர் நோட்டு வச்சி வீடு வீடா வந்து எழுதுனாரு. அதனால அடுத்த தங்கலுக்கு, பல நாள் கடல்ல தங்கி மீன் பிடிக்க எறங்கதுக்கு முன்ன போட்டு பேரு, நம்பரு, போட்டு ஓட்டுற ஸ்ராங்கு போன் நம்பரு, கூட வாறவங்க பேரு எல்லாம் எழுதி தங்கச்சி வாட்ஸப்புக்கு அனுப்பு. வாய்ஸ் போடாத, எழுதி அனுப்பு.

அம்மா