சுவரில் மாட்டிய எண்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு உன் கையெழுத்து பழையபடி நேராக ஓடுவதைக் கண்டு மகிழ்ந்தேன். இங்கே எல்லாரும் நலம். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான், நான்தான் உட்காரத் தொடங்கிவிட்டேன்.

மருத்துவர், மாநில மருத்துவக் கவுன்சில் தமக்குத் தந்த பதிவு எண்ணைப் பொதுமக்கள் பார்வையில் வைக்க வேண்டும் என்பதை ஓர் அவமதிப்பாக நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். "முப்பத்தைந்து ஆண்டுகளாக என் முகத்தைப் பார்த்து வருகிறவர்களுக்கு எண் எதற்கு?" என்று கேட்கிறாய். அவர்களுக்குத் தேவையில்லைதான். அந்த எண், இன்று முதன்முதலாக உன் படியேறுகிறவருக்கு உரியது.

சென்ற மாதம் தோல் அரிப்புக்காக ஒருவரிடம் போயிருந்தேன். பலகையில் பெயரைவிட நீளமாகப் பட்ட எழுத்துகள் இருந்தன. பதிவு எண் எங்கும் இல்லை. அவர் இருக்கைக்குப் பின்னால், மின்விசிறி உயரத்தில், கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. அவர் அதற்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார், எனக்கோ எழுத்து எட்டவில்லை. ஆக, அதைப் படிக்கக்கூடியவர் அந்த அறையில் ஒருவருமில்லை. நாற்பது ஆண்டுகள் மருந்துக் கடை நடத்திய எனக்கே, "ஐயா, நீங்கள் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்தவர்?" என்று கேட்க நாக்கு எழவில்லை. வலியோடு வருகிறவர் எப்படிக் கேட்பார்? கேட்கக் கூசும் கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைப்பதுதான் அந்தப் பலகையின் வேலை.

இது புதிய விதியும் அன்று. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வெளியிட்ட நடத்தை விதிமுறைகளே, பதிவு எண்ணை மருத்துவகத்தில் மட்டுமின்றி மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பணம் பெற்ற ரசீதிலும் காட்டச் சொல்கின்றன. சீட்டில் காட்டச் சொன்னதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சுவர் அங்கேயே நின்றுவிடும், சீட்டு நோயாளியோடு வீட்டுக்குப் போகும், ஐயம் வந்தால் அங்கே நிதானமாகச் சரிபார்க்கலாம்.

சுவரில் மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தொழிலில், மருந்தாளுநர் வேறெங்கோ இருக்க, அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் 'வேலை பார்க்கும்' கடைகளை நீயும் அறிவாய். தாள் உண்மையானதுதான், மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் கைதான் வேறு. கலிபோர்னியச் சட்டம் இதைச் சற்றுக் கூர்மையாகப் பார்த்திருக்கிறது: மருத்துவப் பணியாளர் பணியில் இருக்கும்போது பெயரையும் உரிம நிலையையும் குறைந்தது 18 புள்ளி அளவு எழுத்தில் காட்டும் அடையாள வில்லையைச் சட்டையில் அணிய வேண்டும், உரிமம் நன்கு தெரியும்படி வைத்திருக்கும் அலுவலகத்தில் மட்டும் வில்லையைத் தவிர்க்கலாம். மனநல மருத்துவப் பிரிவுகளில் பணியாளரின் பாதுகாப்புக் கருதி விலக்கு அளிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். முன்பின் அறியாதவர்கள் வீடு தேடி வரக்கூடும் என்று நீ எழுதிய அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து இத்தகைய விலக்கும் முகவரியை எழுதாமல் விடுவதும்தானே தவிர, எண்ணையே மறைப்பதன்று.

உன் அறையில் தொங்கும் பட்டச் சான்றிதழை அப்படியே விட்டுவிடு, அது உன் பெருமைக்கு. பதிவு எண்ணை மட்டும் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில், கண் மட்டத்தில் வை. பக்கத்தில் எந்த மாநிலக் கவுன்சில் என்பதையும் எழுது. ஒரே எண் வேறொரு மாநிலத்தில் வேறொருவருக்கும் இருக்கக்கூடும், கவுன்சில் பெயர் இல்லாமல் பதிவேட்டில் தேடுகிறவர் உனக்குப் பதிலாக இன்னொருவரைக் கண்டுபிடித்துவிடுவார். அடுத்த மாதம் வரும்போது ஆணியை நானே அடித்துத் தருகிறேன். சுத்தியல் மட்டும் எடுத்து வை.

என்றும் அன்புடன்,
இராமநாதன்