கரும்பலகைப் படங்கள் இனி வராது

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். திங்கட்கிழமை முதல் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் கரும்பலகைப் படம் போட மாட்டோம். வீட்டுப்பாடம் என்ன என்பது மட்டும் ஒரு வரியில் வரும். "ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்று நீங்கள் போன் செய்வதற்குள் நானே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவியிடம் முந்தின நாள் நடத்திய ஒளிச்சேர்க்கைப் பாடத்தைக் கேட்டேன். "எங்கிட்ட இருக்கு சார்" என்றாள். இருந்தது அம்மாவின் போனில். நோட்டில் வெறும் தலைப்பு. இலைக்குள் எது போகிறது, எது வெளியே வருகிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறாள். அவளை எப்படித் திட்டுவது? என் மகளின் போன் நம்பரே எனக்கு மனப்பாடம் இல்லை. சின்ன வயதில் வாய்விட்டுச் சொன்ன பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் இன்றும் தடங்கலில்லாமல் வருகிறது.

லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய், சில பொருட்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள், படமெடுத்த பொருட்கள்தான் குறைவாக நினைவிலிருந்தன. 2014-ல் வெளியான ஆய்வு இது. 'அதான் கேமராவில் இருக்கிறதே' என்று மனம் கைகழுவிவிடுகிறது போலும்.

எங்கள் ஆசிரியர் ஒருவர் என்னை மடக்கினார்: "எழுத்து வந்தபோதும் இப்படித்தான் சார் பயந்தாங்க." உண்மைதான். பிளேட்டோ எழுதிய ஒரு உரையாடலில் எகிப்து மன்னர் ஒருவர், எழுத்து நினைவூட்டலுக்குத்தான் உதவும், நினைவாற்றலுக்கு அல்ல என்கிறார். மன்னர் கொஞ்சம் அதிகமாகவே பயந்துவிட்டார். ஏனென்றால் கை மெதுவானது. ஆசிரியர் சொல்வதையெல்லாம் அதனால் பிடிக்க முடியாது. எதை விடலாம், எதைச் சுருக்கலாம் என்று மனம் யோசித்தே ஆகவேண்டும். ஆனால் பலகையைப் பார்த்து அப்படியே எழுதுவதைத் தூங்கிக்கொண்டேகூடச் செய்யலாம், அதையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் இன்னொரு மாற்றம். ஒவ்வொரு பாடவேளையிலும் கடைசி ஐந்து நிமிடம் பலகையை அழித்துவிடுவோம். நோட்டை மூடிவிட்டு, நினைவில் நின்றதைத் தனித்தாளில் எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், படித்ததையே திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது. பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 56.

முதல் சில நாட்கள் "ஒண்ணுமே ஞாபகம் வரலை" என்று பிள்ளைகள் வீட்டில் புலம்புவார்கள். அப்போது நோட்டைத் திறந்து காட்டிவிடாதீர்கள், கொஞ்சம் திணறட்டும். அப்புறம் சரிபார்க்கட்டும்.

விடுப்பு எடுத்தவர்களுக்கும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் பாடக்குறிப்பின் நகலை வகுப்பாசிரியரே தருவார். யாருக்குத் தேவை என்பதை வெள்ளிக்கிழமைக்குள் டைரியில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்