வெட்டிப் போட்ட பாதியையும் காட்டுங்கள்

கோவையில் போர் ஆவணப்படங்களைத் திரையிடும் நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதத் திரையிடலுக்கு என் பெரியப்பாவை அழைத்து வந்திருந்தேன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவிநாசிப் பக்கம் எங்கள் ஊரில் 'பட்டாளத்துக்காரர் வீடு' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கால் மணி நேரத்தில் எழுந்து டீ குடிக்கப் போனவர் திரும்பி உள்ளே வரவில்லை.

'அசல் போர்முனை' என்று சுவரொட்டி ஒட்டியிருந்தீர்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையோடு போன படப்பிடிப்பாளர்கள் ஜெஃப்ரி மாலின்ஸும் ஜான் மெக்டவலும் பிரான்சில் எடுத்து 1916-இல் வெளிவந்த சோம் போர்ப் படம் அது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் மௌனப்படத்தை இருபது நிமிடமாகக் குறுக்கி, முரசு இசையும் சேர்த்துவிட்டீர்கள். பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறிப் பாய, ஒருவர் சரிந்து விழும் காட்சி மூன்று முறை வந்தது. அது போர்முனையில் எடுத்ததே அல்ல. போர்முனைக்குப் பின்னாலிருந்த பயிற்சி இடத்தில் நடிக்க வைத்து எடுத்தது என்பது ஆய்வாளர்கள் எப்போதோ நிறுவிய செய்தி. (ஹாதார்ன் மேட்டில் சுரங்கவெடி வெடித்தது அசல். ஜூலை 1 காலையில் மாலின்ஸ் எடுத்தது.) நடித்ததை வைத்துக்கொண்டு, நடந்ததை வெட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

அந்த வாரமே முழுப்படத்தையும் வீட்டில் போட்டுக் காட்டினேன். தாக்குதலுக்கு முந்தைய மாலை, வார்விக்‌ஷயர் படையினர் முகாமில் உட்கார்ந்து சாப்பிடும் இடம் வந்ததும் பெரியப்பா நிறுத்தச் சொன்னார். "தண்ணீர் யார் சுமந்தது?" என்று கேட்டார். பிறகு படத்தை விட்டுவிட்டு அவருடைய லங்கருக்கு, அதாவது பட்டாளத்துச் சமையற்கூடத்துக்குப் போய்விட்டார்: மலைக் காவலில் மண்ணெண்ணெய் அடுப்பில் பனியை உருக்கியது, ரொட்டி விறைத்துக் கல்லானது, வீட்டிலிருந்து வந்த இன்லண்ட் கடிதத்தைக் கையுறையைக் கழற்றாமல் பிரிக்கப் போய்க் கிழித்தது. நாற்பது வருடமாக எங்களிடம் சொல்லாதவை. போருக்குப் பின், யார் மிஞ்சினார்கள் என்று பார்க்கப் பெயர் கூப்பிடும் காட்சியில் மட்டும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுதான் கண்ணு பட்டாளம்" என்றார்.

அடுத்து, இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் நடந்த சண்டையைப் பற்றி அமெரிக்க இயக்குநர் ஜான் ஹூஸ்டன் எடுத்த 'சான் பியத்ரோ' என்று அறிவித்திருக்கிறீர்கள். நல்ல தேர்வு. அதிலும் பல சண்டைக் காட்சிகள் சண்டை ஓய்ந்தபின் திரும்ப நடத்தி எடுத்தவை. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கூடவே, மனம் காயப்பட்டுத் திரும்பிய வீரர்களை மருத்துவமனையில் வைத்து ஹூஸ்டன் 1946-இல் எடுத்த படத்தையும் போடுங்கள். அமெரிக்க ராணுவம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பூட்டி வைத்திருந்த படம். நம் ஊரிலும் அப்படித் திரும்பியவர்கள் உண்டு. 'பட்டாளத்துக் கிறுக்கு' என்று ஒதுக்கி வைத்தோம்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹால் என்ற சினிமாக் கொட்டகையைத் திறந்த ஊர் இது. முழுப்படத்தைப் பொறுமையாகப் பார்க்க இங்கே ஆள் இருக்காது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். மௌனப்படத்தின் இடையிடையே ஆங்கில எழுத்து வரும்போது ஒருவர் தமிழில் வாசித்தால் போதும்.

முழுதாகக் காட்டினால் தானும் வருவதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஒன்பது மணிக்கு. அதற்கு முன் முடியுமா என்று மட்டும் தெரிவியுங்கள்.