கன்னியாகுமரிப் படகுப் பயணம்: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் அழைத்துப் போகிறோம். டிசம்பரிலேயே போகக்கூடாதா என்று சிலர் கேட்டீர்கள். அது ஐயப்ப பக்தர்கள் திரளும் காலம். படகுத்துறை வரிசையில் பிள்ளைகள் வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் பிப்ரவரியில், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் காலையில் ஓடத் தொடங்கும்போதே நாம் வரிசையில் இருக்க வேண்டும். ஆகவே பஸ் அதிகாலை 4 மணிக்குப் புறப்படும். முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது; பலரும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். 2024 டிசம்பரில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

ஆனால் கரையிலிருந்து பாறைக்குப் படகில்தான் போயாக வேண்டும். காற்று வலுத்தால் படகை நிறுத்திவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம் பிள்ளைகள் துறை வரை போய், படகு ஏறாமலே திரும்பினார்கள். பலர் அழுதார்கள், எனக்கும் மனம் பொறுக்கவில்லை. இருந்தாலும் அதே நிலை வந்தால் இம்முறையும் திரும்பித்தான் வருவேன். இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

உயிர்காப்பு உடை பற்றியும் சொல்ல வேண்டும். முந்தைய பயணி கழற்றிக் கொடுத்தது ஈரமாகவும் உப்புப் பிசுபிசுப்புடனும் இருக்கலாம். முகம் சுளிக்காமல் அணிய வேண்டும்; மறுகரையில் இறங்கும்வரை கொக்கியைக் கழற்றக் கூடாது. பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் உடன் வருவார். வலிப்பு, ஆஸ்துமா, பயணத்தில் வாந்தி, தண்ணீரைக் கண்டால் பயம் என எது இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். எழுதினால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று அஞ்ச வேண்டாம். பக்கத்தில் யார் உட்கார வேண்டும், எந்த மருந்து கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவே கேட்கிறோம்.

சிலையின் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து. சிலையை வடித்த சிற்பி கணபதி ஸ்தபதி, திருக்குறளின் அமைப்பையே கல்லில் நிறுத்தியிருக்கிறார். பிள்ளைகள் குறளை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து களைத்திருக்கிறார்கள். அந்தப் பாதத்தின் அருகே நின்று அண்ணாந்து பார்க்கட்டும் என்பதே என் ஆசை. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு குறளை அங்கே சொல்லப்போகிறார்கள். எந்தக் குறள் என்பதை வீட்டில் உங்களோடு பேசித் தேர்ந்தெடுக்கட்டும்.

விவேகானந்தர் 1892-இல் தியானம் செய்த பாறையில், 1970-இல் திறக்கப்பட்ட மண்டபம் இருக்கிறது. தியான அறையில் பேசக் கூடாது. காலணியைக் கழற்ற வேண்டும் என்பதால் எளிதில் கழற்றக்கூடிய செருப்பே போதும். தொப்பி, தண்ணீர், ஒரு மாற்றுடை தவிர வேறெதுவும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம்.

பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளை ஒருவர்கூட விடுபடக் கூடாது. என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது என்னோடு இருக்கும். ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேரட்டும். நேரில் பேச விரும்புவோருக்காக அன்று மாலை 6 மணி வரை என் அறையில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்